இன்னொரு அடங்கல்

பதினாலாம் நம்பர் துணியின் முடிச்சை அவிழ்க்க ரங்காத்தாள் கடைசியில் பல்லை வைக்க வேண்டியதாயிற்று. மழையில் ஊறி வெயிலில் காய்ந்து, இரண்டு விரல் அகலப் பனியன் துணி மரத்தோடு இறுகிப் போயிருந்தது. மாடு கட்டுகிறவர்கள்கூட இத்தனை இறுக்கமாட்டார்கள், இந்தக் காலேஜில் முடிச்சுப் போட மட்டும் நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள் போல என்று திட்டிக்கொண்டே கடித்து இழுத்தாள். முடிச்சு விட்டது. மஞ்சள் துணியில் கறுப்பு மையால் 14 என்று எழுதியிருந்தது. அதை மடியில் செருகிக்கொண்டு மேட்டுப் பக்கம் நடந்தாள். அங்கே முப்பத்தொன்று தொங்கிய மரத்தில் பதினாலைக் கட்டினாள். முப்பத்தொன்றைக் கொண்டுவந்து ஓடைப் பக்கத்து மரத்தில் கட்டினாள். ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை மத்தியானம் அது. பிள்ளைகள் எழுதுவதை எழுதிக்கொண்டு ஒரு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தார்கள். அன்றைக்கு மட்டும் ஆறு ஜோடி மரங்களுக்கு நம்பர் மாறியது.

எவளாவது வந்து என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தால், என் காடு, என் மரம், கேட்க நீ யார் என்று ஒரே போடாகப் போட்டிருப்பாள். கேட்கத்தான் ஆளில்லை. ஆனாலும் கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் தெரிந்த காலேஜ் மாடி ஜன்னல்களை அவள் இரண்டு மூன்று தடவை அண்ணாந்து பார்க்காமல் இல்லை.

ஏழரை ஏக்கர் கொறங்காடு. அவள் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அங்கே ஏர் பூட்டியதில்லை. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் தானாக முளைத்து வளரும். சுற்றிலும் கிளுவை முள் வேலி. உள்ளே மாட்டை ஓட்டிவிட்டுக் கடவு மரத்தைக் குறுக்கே போட்டுவிட்டால் பொழுது சாயும்வரை கவலையில்லை. காங்கேயம் ரோட்டில் அப்படிப்பட்ட காடுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாகச் சைட்டாகவும் மில்லாகவும் போய், மேற்கே மேட்டுப் பக்கம் இருந்த காடு காலேஜாகவும் ஆகிவிட்டது. கிழக்கே ஓடை. ஓடைக்கு அக்கரையில் இரண்டு வருடமாகத் திருமூர்த்தியின் சாயப்பட்டறை. நடுவில் இவளும் நான்கு மாடுகளும் மட்டும் மிச்சம். புருசன் இறந்து ஐந்து வருடம். மகளைக் கொமரலிங்கத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. இந்தக் காடும் போனால் மாடு போகும், மாடு போனால் அவளுக்குக் காலையில் எழுந்திருக்கவே காரணமில்லை.

மைதிலி டீச்சர் முதல்தடவை வந்தது அந்த வருடம், இரண்டாயிரத்து ஆறாம் வருடம் ஆனி மாதம். முப்பது வயசிருக்கும். கஞ்சி போட்ட காட்டன் சேலையில் முள் மாட்டாமல் கடவைத் தாண்டி வந்தாள். தாவரவியல் சொல்லிக் கொடுக்கிறாளாம். காட்டுக்குள் நாற்பது மரங்களை அடையாளம் வைத்து, வாரம் ஒருமுறை பிள்ளைகளை அனுப்பி, எந்த மரம் எப்போது இலை உதிர்க்கிறது, எப்போது தளிர் விடுகிறது, பூக்கிறது, காய்க்கிறது என்று எழுத வேண்டுமாம்.

"எலை உதுர்றத எழுதறதுக்கு ஒரு நோட்டுங்களா?" என்று கேட்டாள் ரங்காத்தாள்.

"ஆமாங்கம்மா. எழுதி வெச்சு வருசா வருசம் பாத்தா, காலம் மாறுறது தெரியுமுங்க."

"நெதமும் பாத்தாலே தெரியுமுங்களே."

டீச்சர் அதற்குச் சிரித்தாள். பதில் சொல்லியிருந்தால் ரங்காத்தாள் விட்டிருப்பாள். சிரித்ததுதான் வினையாகப் போயிற்று. படித்தவர்கள் பதில் சொல்லாமல் சிரித்தால் உள்ளே என்னமோ இருக்கிறது என்பது அவள் கணக்கு. இருந்தாலும் வீடு தேடி வந்த பெண்ணை முகத்தில் அடித்த மாதிரி அனுப்ப வாய் வரவில்லை. சரியென்றாள். ஆணி அடித்துத் தகடு மாட்டக் கூடாது, பெயிண்டில் எழுதக் கூடாது என்று மட்டும் கண்டிசன் போட்டாள். பெயிண்டில் நம்பர் போட்ட மரம் எதுவும் அடுத்த வருடம் நின்று அவள் பார்த்ததில்லை. ரோடு அகலம் பண்ணினபோது புளியமரம் அத்தனையும் அப்படித்தான் போனது. அதனால்தான் துணி வந்தது. சித்ரகலா என்கிற மாணவியின் அப்பா மண்ணரையில் கட்டிங் மாஸ்டர். அந்தப் பெண் ஒரு பை நிறைய வெட்டுத்துணி கொண்டுவந்து, நம்பர் எழுதி எழுதிக் கொடுக்க, டீச்சர் ஒவ்வொரு மரமாகக் கட்டினாள். ஓடைப் பக்கம் ஒன்றிலிருந்து இருபது, மேட்டுப் பக்கம் இருபத்தொன்றிலிருந்து நாற்பது. எல்லாம் வெள்வேல மரம், ஓரமாக நின்ற ஆறு வேம்பைத் தவிர.

அதற்கப்புறம் டீச்சர் வருவது குறைந்து பிள்ளைகள் வந்தார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் வேறு வேறு ஜோடி. துணியைப் பார்ப்பது, அண்ணாந்து பார்ப்பது, எழுதுவது, போவது. தண்ணீர் பாட்டில் ஆளுக்கொன்று. ரங்காத்தாள் மாட்டுக்குப் பின்னால் நின்று அவர்கள் வாயையே பார்ப்பாள். ஒருநாள் காதில் விழுந்தது, "சர்வே முடிஞ்சுதாடி?" என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டது. அன்றைக்கு ரங்காத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவளைச் சந்தேகப் பிராணி என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். பட்டவளுக்குத்தான் தெரியும். புருசன் இறந்த வருடம், ரோட்டுக்கு அந்தப் பக்கம் தனிக் கிணற்றோடு இருந்த இரண்டு ஏக்கரில் அவள் சோளம் விதைத்து, களை எடுத்து, அறுத்தாள். கொழுந்தன் சிவசுப்பிரமணியம் வரப்பில்கூட கால் வைக்கவில்லை. ஆனால் அடங்கலில் அந்தச் சோளம் அவன் பேரில் ஏறியிருந்தது. அடங்கல் என்றால் எந்த சர்வே நம்பரில் யார் எந்தப் போகத்துக்கு என்ன வைத்திருக்கிறார்கள் என்று மணியகாரர் எழுதி வைக்கிற ஏடு. மூன்று வருடம் அப்படியே எழுதி வாங்கிக்கொண்டு, பாகம் பிரிக்க உட்கார்ந்த அன்றைக்கு அந்தத் தாளை எடுத்துப் போட்டான். வேர்வை சிந்தினவள் வாய்ப்பேச்சு எடுபடவில்லை, எழுதினது எடுபட்டது. இப்போது அந்த இரண்டு ஏக்கரில் அவனுடைய பனியன் கம்பெனி குடோன் இருக்கிறது. அன்றிலிருந்து அவளுடைய நிலத்தில் முளைப்பதையும் உதிர்வதையும் மாதம் போட்டு எவராவது எழுதினால், அடுத்து எதைப் பறிக்க வருகிறார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றும். இதில் காலேஜுக்கு பஸ் நிறுத்த இடம் போதவில்லை என்கிற பேச்சு வேறு ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சந்தேகத்துக்கு நெய் ஊற்றினவன் திருமூர்த்தி. மரியாதை தெரிந்தவன் என்று அவனைத்தான் அவள் நம்பியிருந்தாள். தீபாவளிக்கு ஸ்வீட் பெட்டி, கன்றுக்குட்டிக்குக் கீழே விரிக்க மூட்டை மூட்டையாக வேஸ்ட் துணி. அக்கா என்று கூப்பிடாமல் பேச்சை ஆரம்பிக்கமாட்டான். புரட்டாசியில் ஒருநாள் பைக்கை வாசலில் நிறுத்திவிட்டு, உட்காராமலே பேசினான்.

"ஏனுங்கக்கா, காலேஜ்காரங்க நம்ம காட்டுக்குள்ள என்னமோ எழுதிட்டுப் போறாங்களாமா?"

"எலை உதுர்றதாமா, தம்பி."

"எலை உதுர்றதுக்கு எதுக்குங்கக்கா தேதி, நேரம், நம்பரெல்லாம்? ஓடைப் பக்கந்தே ரொம்ப நேரம் நின்னு எழுதறாங்கன்னு நம்ம வாட்ச்மேன் சொன்னான். நாளைக்கு எதோ ஒரு எடத்துல அந்த நோட்டு வந்து நின்னுக்கும். நீங்க படாததுங்களா? எனக்கென்ன, சொல்லோணும்னு தோணுச்சு."

அவன் போன பிறகு அவள் வெகுநேரம் வாசலிலேயே நின்றாள். வராதே என்று டீச்சரிடம் சொல்லிவிடலாம். சொன்னால், எதற்கு பயப்படுகிறாள், அப்போது நிலத்தில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று நோண்டுவார்கள். எழுதட்டும். எழுதுகிறது பொய்யாகப் போகட்டும். கொழுந்தன் பொய்யை எழுதி ஜெயித்தான், இவர்கள் எழுதுவதை நாம் பொய்யாக்கினால் என்ன என்று தோன்றிய நிமிஷம், ஐந்து வருடத்தில் முதல்முறையாக அவளுக்கு மனசுக்குள் சில்லென்றிருந்தது.

ஐப்பசியில் ஆறு ஜோடி. கார்த்திகையில் நான்கு. மார்கழியில் இன்னும் இரண்டு. வெள்வேலுக்கு வெள்வேல், பருமனுக்குப் பருமன் பார்த்துத்தான் மாற்றினாள். எல்லாமே ஓடைப் பக்கத்துக்கும் மேட்டுப் பக்கத்துக்கும். எது எங்கே போனது என்று எழுதி வைக்கவில்லை, அவளுக்கு அதெல்லாம் மனப்பாடம். மரத்துக்கு மரம் முகம் தெரியும். இடி விழுந்து பிளந்தது, மயிலைப் பசு முதுகு தேய்ப்பது, கிளி பொந்து வைத்தது. பிள்ளைகள் வந்து, மரம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்காமல், துணியில் நம்பரை மட்டும் படித்து மும்முரமாக எழுதும்போது, அவள் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். எழுதுங்க கண்ணுகளா, நல்லா எழுதுங்க.

அப்படி மரம் மரமாகப் போய் நின்றதில்தான் ஒன்று கண்ணில் பட்டது. ஆவணி புரட்டாசியில் காடே வெளிறிப் பூத்து, தேனீ இரைச்சல் காதை அடைக்கும். இந்தத் தடவை மேட்டுப் பக்கம் மட்டும்தான் பூத்தது. ஓடைப் பக்கத்து மரங்கள் பேருக்கு இரண்டு கொத்து வைத்துவிட்டு நின்றுவிட்டன. மாசி பங்குனியில் உதிரவேண்டிய இலை, கார்த்திகை ஈரத்திலேயே நுனி கருகி உதிர்ந்தது. காய் என்று ஒன்றுமே இல்லை. வெள்வேலங்காய் உதிர்ந்தால்தான் கோடையில் மாட்டுக்குத் தீனி. உடனே காரணமும் கிடைத்துவிட்டது. கண்ட கண்ட பிள்ளைகள் கண் வைத்தால் மரம் என்னத்துக்கு ஆகும்? போதாததற்கு கையில் பாட்டில். குடிக்கிற தண்ணீர்தானா, இல்லை வேரில் எதையாவது ஊற்றி மரத்தைப் பட்டுப்போக வைத்து, வெறும் பொட்டல்தான் என்று எழுதிக்கொள்கிறார்களா? அடுத்த சனிக்கிழமை ஒருத்தி வைத்துவிட்டுப் போன பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தாள். எலுமிச்சம்பழ வாசம் வந்தது. அதற்கும் அவள் சமாதானமாகவில்லை.

தை மாதம் மயிலைப் பசு ஏழு மாசத்துக் கன்றை வீசிவிட்டது. காலையில் கொட்டிலுக்குப் போனால், முடி முளைக்காத குட்டி ஈரமாகக் கிடக்கிறது, பசு அதை நக்கிக்கொண்டு நிற்கிறது. ரங்காத்தாள் புருசன் செத்ததற்குக்கூட அப்படி அழவில்லை. காங்கேயத்திலிருந்து வந்த மாட்டு டாக்டர் பசுவின் கண்ணை இழுத்துப் பார்த்தார், பல்லைப் பார்த்தார். தண்ணீர் எங்கே காட்டுகிறீர்கள் என்று கேட்டார். ஓடை ஓரத்துக் கிணற்றில் என்றாள். "கொஞ்ச நாளைக்கு அந்தத் தண்ணிய மாத்திப் பாருங்கம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார். நோவு என்னவென்று தெரியாத டாக்டர் தண்ணீர் மேல் பழியைப் போடுகிறார் என்று அவள் நினைத்தாள். அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் அவள் இருபத்தெட்டு வருடமாகச் சோறு பொங்குகிறாள். ஒரு வருடமாகப் பருப்பு வேகவில்லைதான். கடைக்காரன் பழைய பருப்பைத் தள்ளிவிடுகிறான் என்று கடையை மாற்றியிருந்தாள்.

மாசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். சனிக்கிழமைகூட இல்லை. சித்ரகலா தனியாக வந்து கடவுக்கு வெளியே நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஏங் கண்ணு, என்னாச்சு?"

"அம்மா, நீங்க ஒருக்கா மேடம்கிட்ட வந்து சொல்றீங்களா? நாங்க சனிக்கெழம தவறாம வந்து எழுதுனமில்லீங்க? நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். அதுக்கென்ன இப்ப?"

"நாங்க வராமயே பஸ் ஸ்டாப்புல குக்கிட்டு இஷ்டத்துக்கு எழுதிட்டோம்ங்கறாங்க. முப்பத்தொண்ணாம் நம்பர் மரத்துல போன தடவ காய் இருந்துச்சு, இந்தத் தடவ பூவே பூக்கலங்கற மாதிரி இருக்குது, அதெப்படின்னு கேக்கறாங்க. எனக்கு இண்டர்னல் மார்க் போடலீங்கம்மா. மத்தவங்க பரவால்ல, எங்க ஊட்டுல இதத்தான் பாத்துட்டிருந்தாங்க, மார்க் இல்லீன்னா கம்பெனிக்கு வந்துருன்னுட்டாரு அப்பா."

முப்பத்தொன்றை ஓடைப் பக்கத்து மரத்தில் கட்டியது ரங்காத்தாளுக்கு ஞாபகம் வந்தது. சமாளித்துக்கொண்டு, "எலை உதுர்றதுக்குப் போயி ஏன் கண்ணு இத்தன ஆர்ப்பாட்டம்?" என்றாள்.

சித்ரகலா மூக்கை உறிஞ்சினாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். "மேடம் யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க. ஓடைப் பக்கத்து மரம் மட்டும் காலம் தப்பி எலை கொட்டுதுங்க, பூக்கலீங்க. சாயத்தண்ணி வேருக்கு எறங்குதுன்னு மேடத்துக்கு சந்தேகம். ஒரு வருசம் எழுதுனா ருசு ஆயிரும், மனுக் குடுக்கலாம்னு இருந்தாங்க. ஐப்பசிக்கு அப்பறம் நோட்டுல ஓடைப் பக்கம் நல்லாருக்குது, மேட்டுப் பக்கம் கெட்டுப் போச்சுன்னு வருது. ஒண்ணும் நிக்காதுன்னு மேடம் நோட்டத் தூக்கிப் போட்டுட்டாங்க."

பெண்ணை அனுப்பிவிட்டு ரங்காத்தாள் ஓடைக்கு இறங்கினாள். மாசி வெயிலில் ஓடை வற்றிக் கிடந்தது. அக்கரையிலிருந்து வருகிற குழாய் வாயை அவள் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. ஆளுங்க குளிக்கிற தண்ணீர் என்று திருமூர்த்தி சொல்லியிருந்தான், அவளும் சரி என்று தலையை ஆட்டியிருந்தாள். குளிக்கிற தண்ணீர் எங்காவது ஊதாவாகக் காயுமா? கல்லில் எல்லாம் உப்புப் பூத்திருந்தது. கரையோடு கரையாக அந்த உப்பு அவளுடைய மரங்களின் அடிவரைக்கும் ஏறியிருந்தது. கிணற்று மேட்டில் உட்கார்ந்து, ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் வைத்தாள். தினமும் குடிக்கிற தண்ணீர்தான். இன்றைக்குத்தான் நாக்குக்கு அது தெரிந்தது. உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்டாயே, அந்த ஒருத்தனை மட்டும் எப்படியடி விட்டாய் என்று வாய்விட்டே கேட்டுக்கொண்டாள். வேஸ்ட் துணிக்கா?

வீட்டுக்குப் போய் முகம்கூடக் கழுவவில்லை. அப்படியே காலேஜ் கேட்டுக்குள் நுழைந்தாள். ஒன்பது வருடமாகப் பக்கத்திலேயே இருந்தும் உள்ளே போவது அதுதான் முதல்தடவை. வாட்ச்மேன் செருப்பில்லாத காலைப் பார்த்து யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். தாவரவியல் அறையில் மைதிலி டீச்சர் தனியாக இருந்தாள். எழுந்து நாற்காலி போட்டாள். ரங்காத்தாள் உட்காரவில்லை.

"அந்தப் புள்ளைக மேல தப்பில்லீங்க. துணிய மாத்துனது நாந்தானுங்க."

டீச்சருக்குப் புரியவில்லை. இரண்டாவது தடவை சொன்ன பிறகு புரிந்தது. அவள் முகத்தில் கோபம் வரும் என்று ரங்காத்தாள் எதிர்பார்த்துத்தான் போயிருந்தாள், வரவில்லை. அதற்குப் பதிலாக என்னமோ ஒன்றைச் சரிபார்க்கிற மாதிரி கண்ணைச் சுருக்கி இவளையே பார்த்தாள்.

"எதுக்குங்கம்மா?"

"நீங்க அடங்கல் எழுதறீங்கன்னு நெனச்சேனுங்க. காலேஜுக்கு."

கொழுந்தன் கதையையெல்லாம் சொன்னாள். கன்று போனதைச் சொன்னாள். எந்த மரத்துத் துணி எந்த மரத்துக்கு எந்த மாசம் போனது என்று தனக்கு வரிசையாகத் தெரியும், சொல்கிறேன், திருத்தி எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். டீச்சர் நோட்டை எடுத்தாள். பதினாலு முப்பத்தொண்ணு, ஐப்பசி மொதச் சனிக்கெழம. ஒம்பது இருவத்தாறு, அன்னைக்கே. ரங்காத்தாள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே போனாள், பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. ஏழாவது ஜோடியில் சத்தம் நின்றது. கண்ணைத் திறந்தாள்.

"இத எழுதி என்ன பண்றதுங்கம்மா? நெலத்துக்காரங்களே துணிய மாத்துனாங்க, அப்பறம் அவங்களே திருத்திக் குடுத்தாங்கன்னா, பட்டறைக்காரங்க சிரிப்பாங்க. மொத நாலு மாசத்து எழுத்தும் சேந்து போச்சு."

"நாஞ் சொல்றது நெசமுங்க. நீங்க நம்பறீங்கல்லங்க?"

டீச்சர் பேனாவை மூடினாள். "புரட்டாசில திருமூர்த்தி பைக் உங்க வாசல்ல நின்னுச்சுங்க. நான் ரோட்டுல நின்னு பாத்தேன். அதனாலதான் உங்ககிட்ட எதையும் சொல்லல. இப்ப அவரு சொல்லி நீங்க மாத்துனீங்களா, இல்ல அவரு சொல்லித்தான் இப்ப இங்க வந்திருக்கறீங்களான்னு எனக்கு எப்படிங்கம்மா தெரியும்?"

அதை அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ங்க' போட்டுத்தான் சொன்னாள். ரங்காத்தாள் தன்னைப் பற்றி எத்தனையோ பேச்சு கேட்டவள். வாயாடி என்றிருக்கிறார்கள், பிசினாறி என்றிருக்கிறார்கள், ஒன்றும் ஒட்டினதில்லை. திருமூர்த்தியின் ஆள் என்று மட்டும் எவரும் சொன்னதில்லை. என்ன சொன்னாலும் அது திருமூர்த்தி சொல்லிக் கொடுத்ததாகவும் இருக்கலாம் என்பது அவளுக்கே தெரிந்தது. ஐந்து வருடமாக அவள் ஊரில் உள்ளவர்களையெல்லாம் எப்படிப் பார்த்தாளோ அப்படித்தான் அந்தப் பெண் அவளைப் பார்த்தாள்.

"அந்தப் புள்ளைக்கு மார்க் மட்டும் போட்டுருங்க சாமி," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

மார்க் போட்டார்கள். அதைச் சித்ரகலா வந்து சொன்னாள். கூடவே, மேடம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கப் போகிறார்கள், அம்மா சம்மதித்தால் மட்டும் என்றும் சொன்னாள். ஒரு வருடம் முழுசாக எழுத வேண்டும். அதற்குள் ஓடைப் பக்கத்து மரங்கள் நிற்குமா என்று ரங்காத்தாள் கேட்கவில்லை. பெயிண்டிலேயே நம்பர் போட்டுக்கொள்ளச் சொல் என்று மட்டும் சொன்னாள். இடையில் திருமூர்த்தி ஒருநாள் ரோட்டில் பைக்கை நிறுத்தி, "அந்த டீச்சர் இன்னும் வருதாங்கக்கா?" என்று கேட்டான். வருவாங்க என்று சொல்லிவிட்டு நடந்தாள். அன்றிலிருந்து காலேஜ் பக்கத்துப் பொதுக் குழாயில் குடம் குடமாகப் பிடித்து வந்து மாட்டுக்குக் காட்டினாள். நான்கு மாட்டுக்கு இருபத்திரண்டு குடம். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

பங்குனி முதல் சனிக்கிழமை டீச்சரே வந்தாள். கூட சித்ரகலாவும் இன்னொரு பெண்ணும். கையில் மஞ்சள் பெயிண்ட் டப்பா, கேமரா, புது நோட்டு. ரங்காத்தாள் கடவு மரத்தை உருவி வழிவிட்டாள். அவர்களுக்கு முன்னால் நடந்து, ஓடைப் பக்கம் போகிற தடத்தைக் காட்டப் போனாள்.

"அம்மா," என்றாள் டீச்சர். "தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க எழுதி முடிக்கற வரைக்கும் நீங்க இங்கயே இருந்துக்கறீங்களா? நீங்க கூட வந்தீங்கன்னா, நீங்க சொல்லித்தான் எழுதுனோம்னு ஆயிருமுங்க. இனிமே எல்லாச் சனிக்கெழமையும் இப்படித்தானுங்க இருக்கோணும்."

"செரிங்க," என்றாள் ரங்காத்தாள்.

சித்ரகலாவை அவளோடு நிறுத்திவிட்டு மற்ற இரண்டு பேரும் உள்ளே போனார்கள். துணைக்கு நிறுத்தினார்களா, காவலுக்கு நிறுத்தினார்களா என்று கேட்க அவள் போகவில்லை. அந்தப் பெண்ணும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் துப்பட்டாவைத் திருகினாள். மயிலைப் பசு வந்து ரங்காத்தாளின் தோளை முட்டியது. அவள் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். தன் காட்டுக்குள் நுழையாமல் தன் கடவிலேயே நின்றாள்.

நின்ற இடத்திலிருந்தே எல்லாம் தெரிந்தது. டீச்சர் ஓரத்து வேம்பின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். இன்னொரு பெண் நோட்டோடு பக்கத்தில் நின்றாள். பூ இல்லை என்று எழுதியிருக்க வேண்டும், அடுத்த மரத்துக்கு நகர்ந்துவிட்டார்கள். வேம்பின் மறுபக்கத்தில், இவள் நிற்கிற திசையைப் பார்த்த ஒற்றைக் கிளையில், அரிசிக் குருணை மாதிரி வெள்ளையாக மொட்டு வைத்திருந்தது. காட்டிலேயே இந்த வருடத்தின் முதல் வேப்பம்பூ அதுதான். ரங்காத்தாள் கூப்பிடுவதற்கு மூச்சை இழுத்தாள். சித்ரகலா சட்டென்று அவள் முகத்தைப் பார்த்தாள்.

இழுத்த மூச்சைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு, அவள் பசுவின் பக்கம் திரும்பி அதன் நெற்றியில் ஒட்டியிருந்த உண்ணியைக் கிள்ளி எடுக்கத் தொடங்கினாள்.